நாலாம் நம்பர் வண்டியில் ஆயில் இருந்தது

ஜனவரி 4, வியாழன்

பெட்ரோலில் நான் ஆயில் கலந்தேன். கலக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு நடந்த அநியாயம் இதுதான்.

எழுதியவன் துலுக்காணம். என் மனைவி கன்னியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. உப்பங்கழி ஓரத்து ரிசார்ட்டில் அவன் சூப்பர்வைசர், நான் படகு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே நான்கு வாட்டர் ஸ்கூட்டர்கள் இருந்தன. தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்தான். அந்த வண்டிகளுக்கு ஆயிலைப் பெட்ரோலோடு சேர்த்துக் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாம் நம்பர் வண்டி நடுக்கழியில் பிடித்துக்கொண்டது. மேலே ஒரு புதுமணத் தம்பதி. முதலாளி கத்தினார். துலுக்காணம் பதிவேட்டை எடுத்து, "ஆயில் கலக்காததால் பழுது. பொறுப்பு: ஏகாம்பரம்" என்று எழுதினான். இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாளையிலிருந்து லைஃப் ஜாக்கெட் எடுத்துக்கொடுக்கும் வேலை பார் என்றான். நான் அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

வரும்போது ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். ஆயில் இருந்தது என்று அவன் வாயால் சொல்லும்வரை அவன் வாசலை நானும் மிதிக்கமாட்டேன், என் வீட்டாரும் மிதிக்கமாட்டார்கள்.

இன்று காலை ரிசார்ட் வாட்ச்மேன் ஜீவரத்தினம் போன் செய்தான். பழைய ஷெட்டை இடிக்கிறார்களாம். "நாலாம் நம்பரு இன்னும் இங்கதான் கெடக்குது. யாராவது தூக்கினு போனா போதும்ன்றாங்க. உனுக்கு வேணுமா?"

வேணுமாவா! மூன்று சக்கர மீன்பாடி வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். இந்த டைரி சாட்சிக்காக. நடப்பது எல்லாம் தேதி போட்டு இதில் எழுதப்படும்.

ஜனவரி 5, வெள்ளி

வண்டியைக் கழுவினேன். இருக்கைக்கு அடியில் ஒரு எலிக் குடும்பம். இயந்திர அறைக்குள் குளவிக் கூடு மூன்று. குளவி கொட்டிய இடம் வலது காது.

கன்னியம்மாள் சுண்ணாம்பு தடவினாள். "இத்த வச்சி இன்னா பண்ணப்போற?"

"தெறந்து பார்க்கப்போறேன்."

"பார்த்து?"

"ஆயில் இருந்துச்சுன்னு காட்டப்போறேன்."

"யாருக்கு?"

யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா?

ஜனவரி 8, திங்கள்

பிளக் இரண்டையும் கழற்றி, சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். ஊறட்டும். பதினோரு வருஷம் பிடித்த பிடி ஒரு நாளில் விடாது.

உடைந்த பைபர் உடம்பை உரசினேன். அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பைபர் பாய் வெட்டி ரெசின் பசை பூசி ஒட்ட வேண்டும். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முதலில் ஒரு லூனா மொபெட்டைப் பிரித்தேன், பிறகு மாட்டினேன், மூன்று நட்டு மிஞ்சியது. அடுத்த முறை ஒன்று மிஞ்சியது. மூன்றாம் முறை மிஞ்சவில்லை. படிப்பு அவ்வளவுதான்.

ஜனவரி 10, புதன்

ஊறுகிறது.

ஜனவரி 14, ஞாயிறு

துலுக்காணம் வீட்டிலிருந்து பொங்கல் வரிசை வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. வருஷா வருஷம் வரும். அவன் எதிர்க்கரையில் இருக்கிறான். தண்ணீர் வழியாக ஐந்து நிமிஷம். சாலையில் சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவான். அக்காவுக்குத் தம்பி வைக்கும் வரிசையை நான் தடுக்க முடியாது. ஆனால் நான் தொடமாட்டேன்.

இந்த முறை வரிசையோடு மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றும் இருந்தது. துலுக்காணத்துக்கு அறுபதாம் கல்யாணம். மாசி ஒன்பது, பிப்ரவரி 21, புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அவன் வீட்டுக் கொல்லையிலேயே பந்தல்.

கன்னியம்மாள் பத்திரிகையை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவள் பழக்கம் இல்லை.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

கரும்பில் ஒரு கணு மட்டும் தின்றேன். பல் ஆடுகிறது.

ஜனவரி 17, புதன்

கன்னியம்மாள் பேசிவிட்டாள். சோறு போட்டுக்கொண்டே பேசினாள்.

"தாலியில மூணாவது முடிச்சு யாரு போடணும்?"

"நாத்தனார்."

"பச்சையம்மாளுக்கு நாத்தனார் யாரு?"

துலுக்காணத்துக்கு அக்கா தங்கை என்று இவள் ஒருத்திதான். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி பச்சையம்மாள் கழுத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டதும் இவள்தான்.

"நான் வேணாம்ன்னா சொன்னேன்?" என்றேன். "அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆயில் இருந்துச்சு. ரெண்டே வார்த்தை."

"அவன் சொல்லலன்னா?"

"பதினோரு வருஷமா வாசலை மிதிக்காம இருக்கல?"

"ஆமா. மிதிக்கல." ரசத்தை ஊற்றினாள். "வாரா வாரம் சந்தைக்குப் போறப்ப அவன் வூட்டுத் தெருவுல நின்னுதான் பேசிக்கினு வரேன். தெரு பஞ்சாயத்துது. வாசல் இல்ல."

எனக்குப் புரை ஏறியது.

ஜனவரி 20, சனி

பிஸ்டன் அசைந்தது! தலைப்பகுதியைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டி, இரண்டு சிலிண்டரையும் உருவிவிட்டேன்.

நேரம் காலை பதினொன்றே கால். சாட்சி: நான், கன்னியம்மாள், பக்கத்து வீட்டுச் சேவல்.

முன் பிஸ்டன் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. ரிங் ஆடுகிறது. சுவரில் கறுப்பாக ஆயில் பிசுக்கு, விரலால் தொட்டால் இன்றைக்கும் ஒட்டுகிறது. பின் பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது. பக்கமெல்லாம் உருகி, அலுமினியம் சுவரில் அப்பிக் கிடக்கிறது.

இரண்டு சிலிண்டருக்கும் ஒரே டாங்க். ஒரே பெட்ரோல். ஆயில் கலக்கவில்லை என்றால் இரண்டும் அல்லவா பிடித்திருக்க வேண்டும்? ஒன்று நன்றாக இருக்கிறது. ஆகவே ஆயில் இருந்தது. முடிந்தது வழக்கு.

கன்னியம்மாளைக் கூப்பிட்டு முன் பிஸ்டனைத் தொடச் சொன்னேன். தொட்டாள். விரலைப் பார்த்தாள். "ஆமா, பிசுக்கு இருக்குது," என்றாள். எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு தட்டு சோறு.

ஜனவரி 23, செவ்வாய்

நேற்று சந்தை. கன்னியம்மாளிடம் சொல்லியனுப்பியிருந்தேன்: முன் பிஸ்டன் நன்றாக இருக்கிறது, வந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்கட்டும். பதில் வந்தது. அவன் தெருவுக்கு வந்து நின்று சொன்னானாம்.

"அப்ப பின் பிஸ்டன் எதுக்குப் புடிச்சுது? அத்தச் சொல்லச் சொல்லு மாமாவ. அதுக்கு பதில் சொன்னா, நான் ஊரக் கூட்டிச் சொல்றேன் ஆயில் இருந்துச்சுன்னு."

என்ன திமிர். இயந்திரத்தைத் திறக்காமல் எழுதியவன் என்னைக் கேள்வி கேட்கிறான்.

ஆனால் கேள்வி சரியான கேள்வி. பிஸ்டன் சும்மா பிடிக்காது. எனக்கும் தெரியும்.

ஜனவரி 26, வெள்ளி

மதுராந்தகம் போனேன். சவரிமுத்துவின் லேத் பட்டறை. பின் சிலிண்டரை மேசைமேல் வைத்ததும் அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"இன்னாண்ணே இது, டிராக்டரா?"

"தண்ணியில ஓடுறது."

"உன் வயசுக்கு இது தேவையா?"

"ஒனக்கு இந்தக் கேள்வி தேவையா?"

சிரித்துக்கொண்டே சுவரைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்றார். அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டனைச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. பத்து நாள் கேட்டார். எட்டு என்றேன்.

கிளம்பும்போது கேட்டார்: "ஒரு பக்கம் மட்டும் உருகியிருக்குதே. அந்தப் பக்கத்துக்குப் பெட்ரோலு சரியா போவலையோ?"

இதைத்தான் நானும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். முதலாளி நாள்பட்ட பெட்ரோல் வாங்கி வைத்திருப்பார். துருப்பிடித்த கேன். அவர்கள் லட்சணம் அப்படி. அதனால்தான் நான் எந்த இயந்திரத்துக்கும் பெட்ரோலை வடிகட்டாமல் ஊற்றியதில்லை. புனல் வாயில் என் சிவப்புத் துண்டை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவேன். ரிசார்ட்டில் மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கும் அப்படித்தான். இன்றைக்கும் சிவப்புத் துண்டுதான்.

ஜனவரி 30, செவ்வாய்

பின் சிலிண்டருக்குத் தனி கார்புரேட்டர். திறந்தேன். உள்ளே நகத்தளவு ஒரு சல்லடை இருக்கும். பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

அடைத்திருந்தது. அழுக்கு.

அழுக்கைச் சுரண்டித் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். சாட்சிப் பொருள் எதையும் எறியக் கூடாது.

வெயில் அதிகம். சீக்கிரம் வேலையை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 31, புதன்

கொடியில் சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். பழசாகிவிட்டது. ஓரமெல்லாம் நூல் பிரிகிறது. வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் நல்லது.

கடைத்தெருவில் எவர்சில்வர் வலை வைத்த புனல் ஒன்று பார்த்தேன். வாங்கினேன்.

சல்லடையில் இருந்தது சிவப்பு நூல். வெளுத்திருந்தாலும் சிவப்புதான். தீப்பெட்டியைத் திறந்து நானும் பார்த்தேன்.
— கன்னியம்மாள்

பிப்ரவரி 2, வெள்ளி

மேலே இருக்கும் மூன்று வரி நான் எழுதியவை அல்ல. இன்று நோட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

"என் நோட்டுல நீ எதுக்கு எழுதுன?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சாட்சிக்குத்தான எழுதுற? சாட்சி சொன்னேன்."

"உன்ன யாரு கேட்டா?"

"பிசுக்கத் தொட்டுப் பார்த்து சாட்சி சொல்லுன்னு கூப்ட்டல்ல. அன்னிக்கு நல்ல சாட்சி. இன்னிக்கு ஆவாத சாட்சியா?"

நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மூன்று வரியை அடித்துவிடலாம் என்று பேனா மூடியைத் திறந்தேன். தப்பாக எழுதியதை ஒருவன் அடித்துத் திருத்தவில்லை என்றுதான் பதினோரு வருஷமாக அவனோடு பேசாமல் இருக்கிறேன். இது தப்பாக எழுதியது இல்லை.

மூடியைப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

சாட்சிக்காக ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். நான் பெட்ரோலில் ஆயில் கலந்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பைபர் ஒட்டு காய்ந்துவிட்டது. உரசி, பெயிண்ட் அடித்தேன். கடையில் இருந்த நீலம் வீட்டுக் கதவுக்கு அடிக்கிற நீலம். பரவாயில்லை. கதவும் மழையில்தான் நனைகிறது.

"4" என்று பழைய இடத்திலேயே எழுதினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

பதினான்கு நாள் எடுத்துக்கொண்டார் சவரிமுத்து. சிலிண்டரைத் தடவிப் பார்த்தேன். சொல்லக் கூடாது, நன்றாகவே கடைந்திருக்கிறார். பிஸ்டனும் கிடைத்துவிட்டது.

"பெட்ரோலு ஏன் போவலன்னு கண்டுபுடிச்சியா?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரிங் மாட்டினேன், பிஸ்டன் மாட்டினேன், சிலிண்டரை இறக்கினேன். கேஸ்கட் நானே தாள் வெட்டிச் செய்தேன். கையால் சுற்றிப் பார்த்தால் பிளக் ஓட்டையில் காற்று புஸ் புஸ் என்று அடிக்கிறது. நட்டு எதுவும் மிஞ்சவில்லை.

கன்னியம்மாள் பெட்டியிலிருந்து கத்தரிப்பூப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். எங்கே கட்டிக்கொள்ள என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புடவை பட்டப்பகலில் அத்தனை பேர் பார்க்கக் கொடியில் ஆடுகிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

ஓடியது!

தோட்டத்துக் குழாயை இணைத்து, இயந்திரத்துக்குத் தண்ணீர் கொடுத்து, பட்டனை அழுத்தினேன். முதலில் இருமியது. பிறகு புகை. பிறகு தெருவே நடுங்கும்படி ஒரு சத்தம். சேவல் கூரைமேல் ஏறிவிட்டது. பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அது அடித்தால்தான் இயந்திரம் குளிர்கிறது என்று அர்த்தம். நேராகப் பாய்ந்து கன்னியம்மாள் காயப்போட்ட வடகத்தின்மேல் விழுந்தது.

திட்டினாள். திட்டும்போது சிரித்தாள். நான் பார்த்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கழியில் இறக்கி வலைகளுக்குத் தூரமாக இரண்டு சுற்று ஓட்டினேன். ஒழுகவில்லை. புதுப் பிஸ்டன், அதனால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

திரும்பி வந்ததும் அவளிடம் சொன்னேன். "புதன்கிழமை உன்ன நான் கூட்டினு போறேன். இதுலயே."

"பஸ்ஸு இருக்குது."

"பதினாலு கிலோமீட்டர். இது அஞ்சு நிமிஷம்."

"வாசல மிதிக்கமாட்டேன்னியே?"

"நான் தண்ணியில நிக்கறேன். தண்ணி எவன் வாசலும் இல்ல."

"என்கிட்டயே கத்துக்கினியா," என்றாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாங்க் நிரப்பினேன். ஆயில் அளந்து கலந்தேன். புதுப் புனல்.

பிப்ரவரி 21, புதன்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பத் திட்டம். லைஃப் ஜாக்கெட்டால் இருபது நிமிஷம் போனது. பட்டுப் புடவைமேல் ஆரஞ்சு ஜாக்கெட் போடமாட்டேன் என்றாள். போடாவிட்டால் வண்டியை எடுக்கமாட்டேன் என்றேன். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரியா இருக்கும் என்றாள். முழுகப்போகிறவள் மாதிரி இருக்காது என்றேன். போட்டுக்கொண்டாள். பூவை நசுக்கிவிட்டதாகக் கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள். பாதிக் கழி வந்ததும், "இன்னும் கொஞ்சம் வேகமா போவாதா?" என்றாள்.

எதிர்க்கரையில் மேளம் கேட்டது. துலுக்காணம் வீட்டுக் கொல்லை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். யாரோ ஒருவன், "ஐயோ, ஏகாம்பரம் மாமாடா!" என்று கத்தினான்.

முழங்கால் தண்ணீரில் வண்டியை நிறுத்திக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னியம்மாள் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறினாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்து, "உன் சபதம் உன்னோட. எனக்கு ஒரு முடிச்சுப் பாக்கி இருக்குது," என்றாள்.

மணி ஒன்பதே முக்கால். அவள் போய் உட்கார்ந்த பிறகும் தாலி கட்டவில்லை. ஐயர் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். துலுக்காணம் எழுந்துவிட்டான். கழுத்தில் மாலையோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராகத் தண்ணீருக்கு இறங்கி வந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"கரையேறு மாமா."

"நீ சொல்லு."

"முகூர்த்தம் போவுது மாமா."

"ரெண்டு வார்த்தைக்கு எத்தினி நேரம் ஆவும்?"

"நான் ஒண்ணு கேட்டேனே, அதுக்கு பதிலு?"

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"இன்னாது இது?"

"சல்லடையில இருந்துது. பின் கார்புரேட்டரு."

"நூலா?"

"நூலு."

"யாருது?"

நான் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்க்காகம் ஒன்று முழுகி எழுந்தது. அவன் என் தோளைப் பார்த்தான். வெள்ளைத் துண்டு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தீப்பெட்டியைப் பார்த்தான். அவன் வயிறு குலுங்க ஆரம்பித்தது. மாலையிலிருந்து பூ உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"துண்டா மாமா? பொண்டாட்டிகூடத் தொடக் கூடாதும்பியே, அந்தத் துண்டா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவன் பந்தலைப் பார்த்துத் திரும்பினான். தண்ணீரில் நின்றபடியே கையைத் தூக்கிக் கத்தினான்: "எல்லாரும் கேட்டுக்கங்க! ஐயரே, நீங்களும் கேட்டுக்கங்க! நாலாம் நம்பரு வண்டியில ஆயில் இருந்துச்சு! எங்க மாமா கலந்தாரு! நான் தெறந்து பார்க்காம எழுதிட்டேன்!"

பந்தலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேளக்காரர் கெட்டிமேளம் என்று நினைத்து அடித்துவிட்டார். "இன்னும் இல்ல, நிறுத்துய்யா!" என்று ஐயர் கத்தினார்.

துலுக்காணம் என் கையைப் பிடித்து இழுத்தான். கயிற்றை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டுக் கரையேறினேன். தூண்டில் முடிச்சு போட்டுத்தான் கட்டினேன். அவசரத்திலும் சரியாகக் கட்ட வேண்டும்.

பத்து பதினைந்துக்குத் தாலி ஏறியது. மூன்றாம் முடிச்சைக் கன்னியம்மாள் போட்டாள். மெதுவாகப் போட்டாள். போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தாள். பச்சையம்மாள் அழுதுகொண்டே, "கழுத்தறுக்காத அண்ணி," என்றாள்.

சாப்பாட்டில் வடை நன்றாக இருந்தது. சாம்பாரில் உப்பு குறைவு. துலுக்காணம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவன், "அத்தயும் எழுதி வை மாமா," என்றான்.

எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

விவகாரம் பாதிதான் முடிந்தது. வாயால் சொன்னது காற்றில் போகும். பதிவேடு அப்படியே இருக்கிறது. ஆகவே இனி செய்ய வேண்டியவை:

துலுக்காணம்: ரிசார்ட்டில் அந்த வருஷத்துப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. தவறான வரியை ஒரே கோடாக அடித்து, "ஆயில் கலந்திருந்தது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும்.

நான்: அதற்குக் கீழே, "பின் கார்புரேட்டர் சல்லடையில் நூல் அடைப்பு. துண்டு என்னுடையது. ஏகாம்பரம்" என்று எழுத வேண்டும். அவன் எழுதிய பிறகு. அதற்கு முன்னால் இல்லை.

சவரிமுத்து: இன்னொரு செட் ரிங் தேடி வைக்க வேண்டும். இந்த முறை எட்டு நாள் என்றால் எட்டு நாள்.

துலுக்காணம், மறுபடியும்: ஞாயிற்றுக்கிழமை வந்து நாலாம் நம்பரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பயந்தால் அக்கா பின்னால் உட்காருவாள். அவளுக்குப் பயம் இல்லை.

கன்னியம்மாள்: இந்த நோட்டில் ஜனவரி 31-க்குக் கீழே எழுதியிருக்கும் மூன்று வரிக்குத் தேதி போட வேண்டும். தேதி இல்லாத சாட்சி செல்லாது. அது செல்ல வேண்டிய சாட்சி.